பரண் முதல் பீரோ வரை: திருநெல்வேலி வீட்டை ஒதுங்க வைக்க ஒரு முழு வழிகாட்டி

திருநெல்வேலிப் பக்கம் பல வீடுகளில் இப்போது ஆள் குறைந்து சாமான் கூடியிருக்கிறது. பிள்ளைகள் சென்னை, பெங்களூரு, துபாய் என்று போய்விட்டார்கள். அவர்களுடைய இன்ஜினீயரிங் புத்தகம், பேரப்பிள்ளையின் தொட்டில் கம்பு, கல்யாணத்துக்கு வந்து பிரிக்காமலே இருக்கும் டின்னர் செட் எல்லாம் பாளையங்கோட்டையிலோ அம்பாசமுத்திரத்திலோ அம்மா வீட்டு மச்சில் கிடக்கின்றன. எதையாவது எடுத்துப் போடலாமா என்று கேட்டால், "அது பாட்டுக்குக் கிடக்கட்டும், சோறா கேக்குது?" என்பார் அம்மா.

சோறு கேட்காதுதான். ஆனால் தூசி தட்ட ஆள் கேட்கும், மழை வந்தால் தூக்கி வைக்க இரண்டு கை கேட்கும். அந்தக் கைகள்தான் இப்போது வீட்டில் இல்லை.

பயன்படாததைத் தூக்கிப் போடு என்று எல்லோரும் சொல்கிறார்கள். நம் வீடுகளில் அது வேலைக்கு ஆகாது. இந்த அண்டா அத்தை சீராகக் கொண்டு வந்தது, அந்தக் கடிகாரம் பெரியப்பா வாங்கி அனுப்பியது என்று ஒவ்வொரு சாமானுக்கும் பின்னால் ஓர் ஆள் நிற்கிறார். அதனால் "இது வேண்டுமா" என்று பார்ப்பதற்கு முன் "இது யாருடையது, யாரிடம் கேட்க வேண்டும்" என்று பார்த்துவிட வேண்டும். ஆளில்லாத சாமானை முதலில் முடித்து, ஆள் உள்ள சாமானுக்கு அப்புறம் வந்து, மறைந்தவர்களின் சாமானைக் கடைசியில் தொட வேண்டும். இந்த வரிசையை மாற்றி, முதல் நாளே தாத்தாவின் டிரங்குப் பெட்டியைத் திறந்தால் அன்றைக்கு வேலை நடக்காது, அழுகைதான் நடக்கும்.

நாள் குறிப்பது

பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது ஒதுங்க வைத்துவிடலாம் என்று நினைப்போம். அப்போது நடப்பது வேறு: எல்லாம் வெளியே வரும், கழுவப்படும், அப்படியே திரும்ப உள்ளே போகும். பிரிப்பதற்கு அப்போது யாருக்கும் நேரம் இருக்காது.

வெளியூர்ப் பிள்ளைகள் வரும் மே மாத விடுமுறையில் பேசி முடிவெடுங்கள். தூக்கிக் கொடுக்கிற வேலையைப் புரட்டாசிக்குள் முடியுங்கள். ஐப்பசி பிறந்தால் வடகிழக்குப் பருவமழை. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளை இந்தப் பக்கத்துக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. தாமிரபரணி பெருகி ஜங்ஷன் பகுதியே தண்ணீரில் நின்றது. அந்த மாதிரி நேரத்தில் முதலில் போவது தரையிலும் பீரோவின் அடித்தட்டிலும் இருப்பவைதான்.

ஆடி மாதத்தில் காகித வேலையைத் தட்டட்டியில் (மொட்டை மாடியில்) வைத்துக்கொள்ளாதீர்கள். அம்மியே பறக்கும் காற்றில் தீர்வை (நிலவரி) ரசீது எம்மாத்திரம்?

ஒரு நாளைக்கு ஒரு அலமாரி போதும். காலையில் வெயில் ஏறுவதற்குள் இரண்டு மணி நேரம். எடுத்ததை அன்றைக்கே முடித்துவிட வேண்டும். பாதி பிரித்த சாமான் தார்சாவில் (முன்கூடத்தில்) ஒரு வாரம் கிடந்தால் வீட்டில் உள்ளவர்களுக்கு உங்கள் மேலும் இந்த வேலை மேலும் சேர்ந்தே வெறுப்பு வரும். இன்னொன்று, தொடங்கும் முன் பிளாஸ்டிக் பெட்டி, டப்பா, அடுக்கு ஸ்டாண்ட் எதுவும் வாங்காதீர்கள். எவ்வளவு மிஞ்சும் என்று தெரியாமல் வாங்கும் பெட்டி, அடைசலோடு சேர்ந்து இன்னொரு அடைசல்.

நாலு குவியல்

நாலு சாக்கு அல்லது கட்டைப்பை எடுத்துக்கொள்ளுங்கள். கட்டைப்பைக்குப் பஞ்சம் இருக்காது, அடுக்களைக் கதவுக்குப் பின்னால் நாற்பது தொங்கும். ஒவ்வொன்றிலும் மார்க்கரால் எழுதுங்கள்: இருக்கட்டும், கொடுக்கணும், போகட்டும், கேக்கணும்.

முதல் மூன்றும் எல்லோருக்கும் தெரிந்தவை. நாலாவதுதான் நம் வீடுகளுக்கு முக்கியம். அண்ணனுடைய புத்தகம், மதினியின் தையல் மிஷின், சித்தப்பா விட்டுப்போன ஹார்மோனியம் எல்லாம் அதில் சேரும். ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் படம் எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடுங்கள். "ஆவணி 1-ஆம் தேதிக்குள் சொல்லாவிட்டால் நாங்களே முடிவு செய்துகொள்கிறோம்" என்று கீழே எழுதுங்கள். வேண்டும் என்பவர் வந்து எடுத்துப் போக வேண்டும், இல்லையென்றால் பார்சல் செலவை ஏற்க வேண்டும். "அங்கேயே இருக்கட்டுமே" என்பதைப் பதிலாக எடுத்துக்கொள்ளக் கூடாது. இதில் மட்டும் கொஞ்சம் கறாராக இருங்கள்.

வீட்டில் பெரியவர்கள் இருந்தால், அவர்கள் கோயிலுக்குப் போன நேரம் பார்த்து எதையும் வெளியே தள்ளாதீர்கள். ஒரு தடவை அப்படிச் செய்துவிட்டால் அடுத்து எதைத் தொட்டாலும் சந்தேகம்தான். ஆச்சியை நாற்காலியில் உட்காரவைத்துச் சாமானை அவர் முன்னால் கொண்டு வாருங்கள். "எதை எறியலாம்" என்று கேட்டால் ஒன்றுமே கிடைக்காது. "இதுல எது ஆச்சி உங்களுக்கு வேணும்?" என்று கேளுங்கள். அவரே நாலைத் தொட்டுக் காட்டிவிட்டு, "மத்ததை என்னமும் செய்யுங்க" என்பார்.

ஆளில்லாத சாமான்

கை பழக, யாருக்கும் சொந்தமில்லாதவற்றில் தொடங்குங்கள். துணிக்கடை கவர், ஓட்டல் சாம்பார் டப்பா, மூடி இல்லாத பாட்டில், எந்தக் கருவிக்கு என்றே தெரியாத சார்ஜர். கட்டைப்பையில் நல்லதாகப் பத்து வைத்துக்கொண்டு மற்றதைத் தெருமுனைக் காய்கறிக்காரரிடம் கொடுத்தால் சந்தோஷமாக வாங்கிக்கொள்வார். ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடையில் இருக்கிறது. பைக்கு மதிப்பு கூடித்தான் போயிருக்கிறது.

மருந்து டப்பாவைக் கவிழ்த்துத் தேதி பாருங்கள். காலாவதியான மாத்திரையை அட்டையிலிருந்து பிரித்து, மண்ணோ காபித்தூள் சக்கையோ கலந்து, பொட்டலமாகக் கட்டிக் குப்பையில் சேர்க்கலாம். அட்டையோடு போட்டால் யாராவது எடுத்துவிடும் ஆபத்து உண்டு. இன்சுலின் ஊசியைத் தடிமனான மூடி போட்ட பாட்டிலில் போட்டுத் தனியாகச் சொல்லிக் கொடுங்கள். குப்பை வாங்க வருபவரின் கையும் கைதான்.

அரசு கொடுத்த சாமான் ஒரு தனி வகை. 2006-க்குப் பிறகு வந்த இலவச வண்ணத் தொலைக்காட்சி, 2011-க்குப் பிறகு வந்த விலையில்லா மிக்சி, கிரைண்டர், மின்விசிறி. ஓடுகிறதா என்று ஒரு தடவை சொருகிப் பாருங்கள். ஓடினால், மிக்சி இல்லாத ஒரு வீடு உங்கள் தெருவிலேயே இருக்கும். ஓடாவிட்டால் மின்னணுக் கழிவாகத்தான் போக வேண்டும். படக்குழாய் வைத்த பழைய டிவியை உடைத்துச் செம்பு எடுக்க விடாதீர்கள், அந்தக் கண்ணாடியில் ஈயம் இருக்கிறது. பழைய செல்போனைக் கொடுக்கும் முன் சிம், மெமரி கார்டு இரண்டையும் உருவிவிட்டு, கணக்கிலிருந்து வெளியேறி, உள்ளிருப்பதை முழுவதும் அழித்துவிடுங்கள்.

போகியில் பிளாஸ்டிக்கையும் டயரையும் எரிப்பது ஒதுங்க வைப்பதில் சேராது. நம் வீட்டு அடைசலைப் பக்கத்து வீட்டுக் குழந்தையின் நுரையீரலுக்கு மாற்றுவதை வேறு என்னவென்று சொல்வது?

அடுக்களை

இங்கே விதி எளிது: தினமும் எடுப்பது கை எட்டும் உயரத்தில், வாரம் ஒருமுறை எடுப்பது அதற்குக் கீழே, வருடம் ஒருமுறை எடுப்பது மேலே. முறுக்கு நாழியும் இடியாப்ப அச்சும் கண்ணெதிரில் இருந்துகொண்டு, தினமும் வேண்டிய சட்டுவம் ஆறாவது டப்பாவுக்குப் பின்னால் கிடக்கும் அடுக்களைகள் ஏராளம்.

ஹார்லிக்ஸ் பாட்டில்களை அளவு வாரியாக நிறுத்துங்கள். ஒரே அளவில் பத்து பாட்டில் இருந்தால் பருப்பு வகை முழுவதும் அடங்கிவிடும்; அளவு மாறிய ஒற்றைப் பாட்டில்கள் போகலாம். பூச்சு உரிந்த தோசைக்கல், உள்ளே குழி விழுந்த அலுமினியச் சட்டி இரண்டையும் யோசிக்காமல் கழியுங்கள். பிரிட்ஜில் சின்னக் கிண்ணங்கள் எத்தனை என்று பாருங்கள். பழங்குழம்பைச் சுண்ட வைத்துச் சாப்பிடுவது நமக்குப் பரம்பரை ருசிதான், அதற்காக மூன்று நாள் குழம்பு மூன்று கிண்ணத்தில் இருக்க வேண்டாம்.

பரணில் உள்ள பித்தளை

நிதானம் வேண்டிய இடம் இது. பரணிலிருந்து ஒரு தவலையை இறக்க இரண்டு பேர் வேண்டும். சாய்ப்பதற்கு முன் உள்ளே கைவிட்டுப் பாருங்கள். தவலைக்குள் ஒரு சருவம், சருவத்துக்குள் ஒரு போணி, போணிக்குள் நாலு டம்ளர், டம்ளரைச் சுற்றி ஏதோ ஒரு கல்யாணப் பத்திரிகை என்று ஒன்றுக்குள் ஒன்றாக இருக்கும். சில நேரம் ஒரு பூரானும் இருக்கும்.

வெளியே எடுத்ததும் கழுத்துக்குக் கீழே புளி தொட்டுத் தேயுங்கள். கறுப்பு போய், புள்ளி புள்ளியாக வெட்டிய பெயர் தெரியும். சாமான் யாருடையது என்பதற்கு அதைவிடப் பெரிய சாட்சி கிடையாது. ஆச்சி பெயர் வெட்டிய பாத்திரத்தில் முதல் பேச்சு அவருடைய பெண்மக்களுக்கு. மருமகள் பெயர் வெட்டியது மருமகளுடையது, மாமியாரும் நாத்தனாரும் அதில் யோசனை சொல்ல வேண்டாம். பெயர் இல்லாததைக் குடும்பத்தோடு பேசிக்கொள்ளலாம்.

அப்புறம் மூன்று கேள்வி. ஒன்று, பண்டிகைக்காவது இறங்குமா? பொங்கலுக்கு முற்றத்தில் ஏற்றும் பானை, கார்த்திகைக்கு எடுக்கும் குத்துவிளக்கு, நல்லது கெட்டதுக்கு வேண்டிய செம்பு, தாம்பாளம் இருக்கட்டும். இரண்டு, இதைத் தூக்க வீட்டில் ஆள் உண்டா? ஐம்பது பேருக்குச் சமைக்கும் அண்டாவை இன்று யாரும் வீட்டில் அடுப்பேற்றுவதில்லை. விசேஷம் என்றால் வாடகைப் பாத்திரக் கடை இருக்கிறது, பெரும்பாலும் சமையல்காரரே கொண்டு வந்துவிடுகிறார். மூன்று, தினசரி புழக்கத்துக்குக் கொண்டு வர முடியுமா? பித்தளையில் புளிக்குழம்பு வைப்பதாக இருந்தால் உள்ளே ஈயம் (வெள்ளீயம்) பூசியிருக்க வேண்டும். பூசாவிட்டால் தண்ணீர் பிடித்து வைக்கவும் செடி வைக்கவும் பயன்படும். வெண்கலம் வேறு, பித்தளை வேறு என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். தட்டினால் வெண்கலம் நின்று ஒலிக்கும். விலையும் அதற்குத்தான் கூடுதல். இரண்டையும் ஒன்றாகத் தராசில் ஏற்றினால் நஷ்டம் உங்களுக்கு.

விற்பது என்று முடிவானால், வீட்டிலேயே எடை போட்டுத் தாளில் எழுதிக்கொண்டு போங்கள். இரண்டு கடையில் விலை கேளுங்கள். பழையதைக் கொடுத்துப் புதியது வாங்கும்போது எடையில் எவ்வளவு கழிக்கிறார்கள் என்று முதலிலேயே பேசிவிடுங்கள். தெருவில் வரும் பழைய சாமான்காரரிடம் பழைய இரும்பும் தகரமும் போடலாம், பித்தளையைப் போடாதீர்கள்.

எவர்சில்வர் டப்பா, தூக்குச்சட்டி, விசேஷ வீட்டில் கொடுத்த கிண்ணம் எல்லாம் வேறு கணக்கு. மணமக்கள் பெயர் பொறித்திருந்தாலும் அது உங்களுக்குப் பரிசாக வந்ததுதான். தேவையானதை வைத்துக்கொண்டு மற்றதை, வீட்டு வேலைக்கு வருபவரிடம் "எது வேணும்னு பாத்து எடுத்துக்கோங்க" என்று விரித்துக் காட்டுங்கள். நாமே பொறுக்கி மூடி இல்லாததை மட்டும் கொடுப்பது மரியாதை இல்லை.

பத்தமடைப் பாய் இருந்தால் மடிக்காதீர்கள், மடித்த இடத்தில் கோரை முறியும். சுருட்டி, பருத்தித் துணியில் சுற்றி, ஈரம் படாத மூலையில் நிறுத்தி வையுங்கள். ஓலைப்பெட்டி, சுளகு போன்றவற்றை வருடத்துக்கு ஒருமுறை இளவெயிலில் காட்டினால் போதும்.

துணி

பட்டுச் சேலையைப் பிளாஸ்டிக் கவரில் வைக்காமல் பழைய வேட்டித் துணியில் சுற்றுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை மடிப்பை மாற்றினால் ஜரிகை ஒரே இடத்தில் இற்றுப் போகாது. பாச்சை உருண்டை ஜரிகையைத் தொடக் கூடாது. வீட்டில் பிள்ளைப்பேறு எதிர்பார்த்தால் நன்றாகத் துவைத்துப் பழகிய நூல் வேட்டி, நூல் சேலை நாலைந்தை எடுத்து வையுங்கள். பச்சைக் குழந்தைக்கு அதைவிட மெத்தென்ற துணி கடையில் கிடையாது. அதற்கு மேல் பழைய வேட்டி வைத்திருப்பதற்குக் காரணம் ஒன்றுமில்லை.

கொடுக்கும் துணியைத் துவைத்து, பட்டன் தைத்து, மடித்துக் கொடுங்கள். கொடுப்பதற்கு முன் முதியோர் இல்லம் போன்ற இடங்களில் என்ன தேவை என்று ஒரு போன் போட்டுக் கேளுங்கள். பெரும்பாலும் அவர்களுக்கு வேண்டியது சேலை அல்ல, போர்வை, துண்டு, கைலி.

கழித்த துணியை ஆற்றில் விடுவது நம் பக்கத்துப் பழக்கமாகிவிட்டது. பாபநாசம் படித்துறையில் பரிகாரம் என்றும், மறைந்தவர் துணி என்றும் தாமிரபரணியில் விடும் துணி பாறைகளில் சிக்கிக் கிடக்கிறது. தன்னார்வலர்கள் இறங்கி வண்டி வண்டியாக அள்ளுகிறார்கள். நாம் குடிக்கும் தண்ணீர் அது. குளித்துவிட்டு ஈரத் துணியைப் பிழிந்து வீட்டுக்கே கொண்டு வாருங்கள், புண்ணியத்தில் ஒன்றும் குறையாது.

காகிதம்

வீட்டில் உள்ள எல்லாக் காகிதத்தையும் பட்டாசலில் (கூடத்தில்) ஒரே இடத்தில் கொட்டுங்கள். பீரோ, தலையணைக்கடி, சாமி படத்துக்குப் பின்பக்கம், எல்ஐசி பை எதையும் விடாதீர்கள்.

தொலைக்கவே கூடாதவை ஒரு கட்டு: மூலப்பத்திரம், கிரையப் பத்திரம், பட்டா, உயில், பிறப்பு, இறப்பு, வாரிசுச் சான்றுகள், பள்ளி கல்லூரிச் சான்றிதழ்கள். பட்டாவையும் வில்லங்கச் சான்றையும் இப்போது இணையத்தில் எடுத்துவிடலாம்; பத்திரத்துக்குப் பதிவு அலுவலகத்தில் நகல் கிடைக்கும். ஆனால் வங்கிக் கடனுக்கு அசலைத்தான் கேட்பார்கள். இந்தக் கட்டை ஜிப் வைத்த ஒரே பையில் போட்டு, பீரோவின் மேல்தட்டில், சுவரில் ஒட்டாமல் வையுங்கள். வெள்ளமோ கரையானோ எது வந்தாலும் ஒரு கையில் தூக்கிக்கொண்டு மாடி ஏற முடிய வேண்டும். அசலை லேமினேட் செய்யாதீர்கள். ஜெராக்ஸ் தாளை நேராகப் பிளாஸ்டிக் உறையில் போட்டால் எழுத்து உறையோடு ஒட்டிக்கொண்டு வந்துவிடும், நடுவில் ஒரு வெள்ளைத்தாள் வையுங்கள். எல்லாவற்றையும் படம் எடுத்து வீட்டில் இன்னொருவரிடமும் கொடுத்து வையுங்கள்.

பழைய தீர்வை ரசீது, வீட்டு வரி ரசீது இரண்டையும் குப்பை என்று நினைக்காதீர்கள். நிலத் தகராறு வந்தால் இத்தனை வருடம் நாங்கள்தான் அனுபவித்தோம் என்று காட்ட அவை உதவும். மின்கட்டணச் சீட்டு, கேஸ் பில், பழைய மளிகைச் சிட்டை போகலாம். கடை பில் பெரும்பாலும் வெப்பத்தாளில் அச்சாகிறது, வாரன்ட்டி முடிவதற்கு முன்பே எழுத்து மறைந்துவிடும். வாங்கிய அன்றே படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

மொய் நோட்டை எக்காரணம் கொண்டும் போடக் கூடாது. அது வீட்டின் கடன் கணக்கு. யார் வீட்டு விசேஷத்துக்கு என்ன செய்ய வேண்டும் என்பது அதில்தான் இருக்கிறது. தாள் இற்றிருந்தால் வேறு நோட்டில் எழுதி வையுங்கள்.

இந்த வேலையில் சில உண்மைகள் வெளியே வரும். கரண்ட் கனெக்ஷன் இன்னும் மறைந்த தாத்தா பெயரில் இருக்கும். வங்கிக் கணக்கில் நாமினி இருக்காது, அல்லது நாமினியே காலமாகியிருப்பார். ஒரு தாளில் பட்டியல் எழுதி, மாதம் ஒன்றாகப் பெயர் மாற்றுங்கள். பழைய பாஸ்புக் கிடைத்தால் தூக்கிப் போடாதீர்கள். பத்து வருடம் புழங்காத கணக்கின் பணம் ரிசர்வ் வங்கியின் தனி நிதிக்குப் போய்விடும், ஆனாலும் உரியவரோ வாரிசோ அந்த வங்கியில் கேட்டுப் பெறலாம். எந்த வங்கி என்று தேட 2023-இல் ரிசர்வ் வங்கி 'உத்கம்' என்ற இணையதளம் தொடங்கியிருக்கிறது. ஆச்சியின் சுருக்குப் பையில் 2016-இல் செல்லாமல் போன ஐந்நூறு ரூபாய் நோட்டு கிடைத்தால் ஒன்றும் செய்வதற்கில்லை, பேரனுக்குக் காட்டலாம்.

மறைந்தவர்களின் சாமான்

தலைத்திவசம் கழியும்வரை அவசரப்பட வேண்டாம். அப்புறம் பிள்ளைகள் எல்லோரும் இருக்கும் ஒரு நாளில் உட்காருங்கள். ஒவ்வொருவரும் ஒரு பொருளை நினைவுக்காக எடுத்துக்கொள்ளட்டும், தொடக்கம் கடைசிப் பிள்ளையிலிருந்து. மூத்தவர் எடுத்த பிறகு தம்பி தங்கைகள் வாய் திறக்க மாட்டார்கள். நகை, பத்திரம் இதில் சேராது. அதற்கு வேறு நாள். ஊன்றுகோல், சக்கர நாற்காலி, கழிவறை நாற்காலி தேவைப்படும் வீடு எந்தத் தெருவிலும் உண்டு, விசாரித்துக் கொடுங்கள். புகைப்படங்களில் உள்ளவர்களின் பெயரை, அடையாளம் சொல்லக்கூடியவர் இருக்கும்போதே பென்சிலால் பின்பக்கம் எழுதிவிடுங்கள். ஆல்பத்தில் இருபது பேர் நிற்க, அதில் நாலு பேரைத்தான் தெரியும் என்ற நிலை எல்லா வீட்டிலும் வந்துகொண்டிருக்கிறது.

போன்

காலை வணக்கப் படங்களை வாட்ஸ்அப் தானாக இறக்கிக்கொள்வதை அமைப்பில் நிறுத்திவிட்டால் பாதி வேலை முடிந்தது. குடும்பப் படங்களை வருடத்துக்கு ஒரு ஃபோல்டராக இரண்டு இடத்தில் சேமியுங்கள்.

மறுபடி சேராமல் இருக்க

சாமான் வீட்டுக்குள் வருவது மூன்று வழியில்: ஆடித் தள்ளுபடி, விசேஷம், வெளியூரிலிருந்து வருபவர்கள். தள்ளுபடிக்குப் போகும் முன் வீட்டில் என்ன இல்லை என்று சீட்டெழுதிக்கொண்டு போங்கள். உங்கள் வீட்டு விசேஷத்துக்குத் தாம்பூலத்தோடு கொடுக்க டப்பாவுக்குப் பதில் ஒரு மஞ்சப்பையும் தேங்காயும் போதும். வெளியூர்ப் பிள்ளைகள் வீடு மாற்றும்போது "கொஞ்ச நாள் அங்க இருக்கட்டும்மா" என்று அட்டைப்பெட்டி அனுப்பினால், பெட்டி மேல் அவர்கள் பெயரையும் எடுத்துப் போகும் தேதியையும் எழுதச் சொல்லுங்கள். தேதி எழுதாத பெட்டியைப் பார்சல் ஆபீஸிலேயே திருப்பி அனுப்பலாம். மகன்தானே, கோபம் இரண்டு நாளில் போய்விடும்.